வரதராசாவின் ஒருபக்கப் பூ

அந்தச் சனிக்கிழமை வரதராசா ஒரு முடிவுக்கு வந்தார். வந்த முடிவைக் குளியலறைக்குள் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, உரத்துச் சொல்லியும் பார்த்தார். "மாமாவின்ர படம் திரும்ப ஹோலுக்கு வராது. வரவே வராது."

விசயம் இதுதான். அவருடைய மாமனார் காலமான தலைமை ஆசிரியர். தேக்குச் சட்டம் போட்ட பெரிய படமாக, வெள்ளவத்தை பிளட்டின் ஹோலில், சுவரோர மேசையில் எத்தனையோ வருசமாக வீற்றிருந்தார். எந்தக் கதிரையில் இருந்தாலும் அந்த மனுசன் வரதராசாவைத்தான் பார்ப்பார். சாரத்தோடு நடந்தாலும் பார்ப்பார், இன்னொரு வடை எடுத்தாலும் பார்ப்பார். வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு படத்துக்குப் பயந்து குசினிக்குள் ஒளித்து நின்று வடை தின்றார் என்றால் நம்புவீர்களா? தின்றார். போன மாதம் பெயின்ற் அடிக்கிற சாட்டில் படத்தைத் தூக்கி அறைக்குள் வைத்துவிட்டார். அன்று தொடங்கி மனைவி ஜெயராணிக்கு ஒரே கேள்விதான். "ஐயாவை எப்ப ஹோலுக்கு எடுக்கிறது?"

ஞாயிறு பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய பெரியக்கா சிவக்கொழுந்து புதுப் பெயின்ற் பார்க்க வருகிறா. தன் தம்பி பெண்சாதியின் சொல்லுக்கு ஆடுகிறவன் என்பது பெரியக்காவின் அசையாத கருத்து. மேசை வெறுமையாகக் கிடந்தால் அவ வருவதற்குள் ஜெயராணி படத்தை ஏற்றிவிடுவா, அக்காவின் கருத்தும் உறுதியாகிவிடும். அதனால் மேசையைத் தானே பிடித்துக்கொள்வதென்று வரதராசா தீர்மானித்தார். யூடியூப்பில் பார்த்துப் பழகிய பூ அலங்காரம் ஒன்று. சும்மா அலங்காரம் இல்லை, ஒருபக்கம் சாய்கிற புதுப் பாணி.

ஞாயிறு காலமை பூக்கடைக்குப் போய், கடைப் பெடியனைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, "மல்லி, ஹொந்த மல் தென்ன" என்று நல்ல பூவாகக் கேட்டு வாங்கி வந்தார். நடுவில் மட்டும் கால் வைத்த நீளத் தட்டம் ஒன்றின் இடது நுனியில் தண்ணீரில் ஊறிய பச்சை ஸ்பொஞ்சுக் கட்டியை வைத்து, உயரமான கிளடியோலாப் பூத்தண்டுகளை வெளிப்பக்கம் சாய்த்துக் குத்தினார். வலப்பக்கம் தாழ்வாகக் கொஞ்சம் அந்தூரியம். ஜெயராணி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தா.

"இதென்னப்பா, பூவெல்லாம் ஒரு பக்கத்தில நிக்குது?"

"அப்பிடித்தான் நிக்கும்."

"மற்றப் பக்கத்துப் பூக்கள் எங்கயும் போயிட்டினமோ?"

"இஞ்சாரும், இது கலியாண வீட்டு மணவறை இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிண்டா அது அலங்காரமில்லை, பொலிஸ் அணிவகுப்பு. இடப்பக்கம் உயரம். வலப்பக்கம் பணிவு. நடுவில காத்து."

"காத்தையும் நீங்களோ அடுக்கினனீங்கள்?"

"உமக்கு இதுகள் விளங்காது."

"விளங்கப்படுத்துங்கோவன்."

கலியாணம் கட்டின நாள் தொட்டு ஜெயராணி அவரிடம் விளக்கம் கேட்டதில்லை. மனுசன் உருகிப்போனார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு பக்கம் உயரமாப் பூ நிண்டா, மற்றப் பக்கம் கட்டையா, கனமா ஒரு சாமான் இருக்கலாம். கல்லு, மரத்துண்டு, எதெண்டாலும். அப்பதான் சமநிலை."

"எதெண்டாலுமோ?"

"எதெண்டாலும். கனம்தான் முக்கியம்."

"நீங்கள் சொன்னாச் சரி," என்று ஜெயராணி உள்ளே போனா. அந்த வசனத்தைக் கேட்ட உடனேயே வரதராசா சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ வென்றுவிட்டோம் என்று நினைத்துப் போய்ப் படுத்து நித்திரை கொண்டார்.

பின்னேரம் பெரியக்கா கீழே வந்து லிஃப்ற்றுக்கு நிற்பதாகப் போன் வந்தது. ஓடிப்போய்க் கடைசியாக ஒரு கிளடியோலாவைச் செருகினார். தட்டத்தின் வலப்பக்கம் மெல்ல எழும்பியது. முழு அலங்காரமும் இடப்பக்கமாகக் கவிழப் பார்த்தது. இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். தண்ணீர் முழங்கை வழியே வழிந்து புதுச் சேட்டுக்குள் போனது.

"இஞ்சாரும், கனமா ஏதும் கொண்டு வாரும். கெதியா. அம்மிக் குழவி இருக்கெல்லே?"

"அதைக் காலமை பக்கத்து பிளட் அர்பா வாங்கிக்கொண்டு போயிட்டா."

"அயன் பெட்டி?"

"திருத்தக் குடுத்திருக்கு."

"அரிசி வாளி?"

"இப்பதான் வெறுமையாக்கிக் கழுவிக் கவிட்டனான்."

வெளியே லிஃப்ற் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வரதராசாவின் வீரம் ஒரு படி இறங்கியது.

"எதெண்டாலும் கொண்டு வாருமப்பா. கனமா இருந்தாக் காணும்."

ஜெயராணி கொண்டு வந்தா. தேக்குச் சட்டம் துடைத்து, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, மல்லிகைச் சரமும் போட்டு எப்போதோ ஆயத்தமாக இருந்தார் மாமனார். தட்டத்தின் வலது நுனியில் அவரை நிறுத்தி வைத்தா. வரதராசா கையை எடுத்தார். தட்டம் அசையவில்லை. பணிவுக்கென்று அவர் செருகிய அந்தூரியங்கள் மாமனாருக்கு முன்னால் தலை குனிந்து நின்றன.

"இது தற்காலிகம்," என்றார் பல்லைக் கடித்தபடி. "அக்கா போனவுடன எடுத்துப்போடுவன். சொல்லிப்போட்டன்."

"ஆர் வேண்டாமெண்டது?"

பெரியக்கா உள்ளே வந்தா. புதுப் பெயின்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பினா. மேசையில் இருந்த காமாட்சி விளக்குக்கு, அதுவும் எப்படி அங்கே வந்ததோ, ஜெயராணி நெருப்புப் பெட்டி நீட்டினா. பெரியக்கா திரியைக் கொளுத்தினா.

"விளக்கேத்திக் கும்பிட்ட படத்தை இனி அசைக்கப்படாது, தம்பி. ஆர் இந்தப் பூ வைச்சது?"

வரதராசாவின் வாய் திறந்தது. தான் இல்லை என்றால், காலமை தொட்டுப் பட்ட பாடெல்லாம் ஜெயராணி பெயருக்குப் போகும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"நான்தான்," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "முழுக்க நானேதான்."

பெரியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த பிள்ளையள்கூடச் செய்யாதுகள். நான்தான் உன்னைப் பிழையா நினைச்சிட்டன்."

ஜெயராணி தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தா. "வெள்ளிக்கு வெள்ளி தன்ர கையாலயே புதுப் பூ வைக்கோணுமாம், மச்சாள். வேண்டாமெண்டு நான் சொன்னாக் கேக்கிற ஆளே அவர்?"