முன்சக்கரத்துக்கு எண்ணெய்க் காப்பு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. ஆனால், ஓடுகிற சக்கரத்தை நிறுத்த ஒரு செயற்குழுவும் அதன்கீழ் ஓர் உபகுழுவும் தேவை என்பதைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான். 1973-ல், மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், ஒரு மாடி அறையில், மசால் வடை சாப்பிட்டுக்கொண்டே கண்டுபிடித்தோம். மயிலை மோட்டார் சைக்கிள் தீரர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை உலகத்துக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சங்கத்தில் தீரர்கள் பலர். மோட்டார் சைக்கிள் ஒன்று. யுத்தத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனது. 'டிரையல்ஸ்' வண்டி என்பார்கள். அந்தப் பந்தயத்தில் வேகத்துக்கு மரியாதை கிடையாது. கல், மேடு, சரிவு எல்லாவற்றிலும் மெதுவாக ஓட்டிப் போக வேண்டும். காலை மட்டும் தரையில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் புள்ளி போச்சு. நிதானத்துக்குப் பரிசு தருகிற ஒரே பந்தயம் என்பதால் எங்கள் அங்கத்தினர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். ஓட்டுவதற்குத் தணிகாசலத்தை வைத்திருந்தார்கள்.

தணிகாசலம் அடையாற்றங்கரையில் குடிசைவாசி. தினக்கூலிக்கு வெல்டிங் வேலை. அந்த வருஷம் ஒரு பெரிய கம்பெனி, "உங்கள் சங்கத்தின் சிறந்த வீரர் ஒருவரை அனுப்புங்கள், நிரந்தர வேலையும் குவார்ட்டர்ஸும் தருகிறோம்" என்று கேட்டது. போட்டி வைத்தே தேர்ந்தெடுப்போம் என்று நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னோம். பெயர் கொடுத்தவர்கள் இருவர். ஒருவன் தணிகாசலம். மற்றவர் ஜவஹர், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எங்கள் தலைவர் வெள்ளைத்துரையின் மாப்பிள்ளை. ஜவஹருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பெயர் கொடுக்கத் தெரியும்.

போட்டிக்கு முந்தின மாதம் தணிகாசலம் என்னைத் தேடி வந்தான்.

"சார், சரிவுல எறங்கறப்போ முன் பிரேக்கு புடிக்கவே மாட்டேங்குது சார். சைக்கிள் பிரேக்கு கணக்கா கீது. ஆத்தோரத்து குடிசைங்கள காலி பண்ண சொல்லிட்டாங்க. ஊருக்கு வெளிய எங்கியோ பொட்டல்ல கொண்டும்போயி உடப்போறாங்களாம். இந்த வேல கெடச்சா எம் பொஞ்சாதி ஜானகிக்கு ஒரு வூடு ஆவும். நல்ல பிரேக்கா போட்டுக் குடு சார், ஜெயிச்சிக்கினு வந்துடறேன்."

உடனே 'முன்சக்கர நிறுத்து சாதன அபிவிருத்தி உபகுழு' உதயமாயிற்று. உபதலைவர், ஓய்வு பெற்ற சூப்பரின்டெண்டிங் இன்ஜினீயர், தொண்டையைக் கனைத்தார்.

"வண்டிய நிறுத்தணும்னா ஓட்டாம இருந்தாப் போறுமோன்னோ? எதுக்குப் பிரேக்?"

இந்த ஆழமான கேள்வியை ஆராயவே ஒரு கூட்டம் ஆயிற்று. கடைசியில் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தோம். ராயப்பேட்டை மெக்கானிக் மெஹபூப் பாஷா, புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட ஒரு பெரிய வண்டியின் பிரேக் டிரம்மைத் தேடிப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கோத்து, பழைய சக்கரத்துக்குள் உட்கார வைத்தார். உள்ளே இரண்டு கட்டைகளும் ஒரே நேரத்தில் கவ்விப் பிடிக்கும். லஸ் கார்னரில் வெள்ளோட்டம். தணிகாசலம் இரண்டு விரலால் அழுத்தினான். வண்டி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த உபதலைவரின் மூக்குக்கண்ணாடி மட்டும் நிற்காமல் முன்னால் போயிற்று.

"இன்னா பிடி நைனா!" என்று பாஷாவைக் கட்டிக்கொண்டான் தணிகாசலம். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவு உயர்ந்த பிரேக்கை ஒரு விழா எடுக்காமல் உபயோகிப்பது அநாகரிகம் அல்லவா? போட்டிக்கு முந்தின நாள் மாலை திறப்பு விழா வைத்தோம். 'திறப்பு' என்பதால் சக்கரத்தின் மூடியையும் திறந்தே வைத்தோம். தலைவர் பட்டுத் துண்டோடு வந்தார். சந்தனம் இட்டார், குங்குமம் இட்டார். பிறகு வெள்ளிக் கிண்ணத்தில் நல்லெண்ணெயை எடுத்தார்.

தணிகாசலம் பாய்ந்து வந்தான். "ஐயே, வேணா சார்! பிரேக்கு கட்டையில எண்ண பட்டா வழுக்கிக்கினு பூடும் சார்!"

"ஏல, சும்மா கிட," என்றார் வெள்ளைத்துரை. "எங்க கடைத் தராசுக்கே ஆயுத பூஜையன்னைக்கு எண்ணெய்க் காப்புதான். இரும்புன்னா எண்ணெய் காண வேண்டாமால?"

தணிகாசலம் உபதலைவரைப் பார்த்தான். படித்தவராயிற்றே! அவரும் கைவிடவில்லை.

"பயப்படாதேப்பா. எண்ணெய் விட்டா உராய்வு இருக்காது. உராய்வு இல்லேன்னா தேய்மானம் கெடையாது. நூறு வருஷம் ஆனாலும் இந்தப் பிரேக் தேயாது, நான் எழுதித் தரேன்!"

தலைவர் கிண்ணத்தைப் பிரேக்குக்குள் கவிழ்த்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தணிகாசலம் பெட்ரோல் விட்டுத் துடைக்கிறேன் என்று கெஞ்சினான். பூஜை பண்ணினதைத் துடைப்பது அபசகுனம் என்று தலைவர் அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை அடையாற்றங்கரை. வண்டிக்கு மாலை போட்டுக் கொண்டுவந்தோம். நடுவர் நான்தான்.

"இந்த வண்டிய எடுக்கவா வேணாவா சார்?" என்று தணிகாசலம் கேட்டான்.

"எடுக்காவிட்டால் போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்படும்," என்று விதியை விளக்கினேன்.

அவன் கூட்டத்தில் நின்ற ஜானகியை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை உதைத்தான். மேடு ஏறினான், காலை ஊன்றவில்லை. பாறைகளுக்கு நடுவே ஊர்ந்தான், ஊன்றவில்லை. கடைசிச் சரிவில் இறங்கும்போது பிரேக்கை அழுத்தினான். பிரேக் துளியும் தேயவில்லை. வண்டி பிய்த்துக்கொண்டு கீழே ஓடியது. விழாமல் இருக்க அவன் இடது காலை ஊன்ற, கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஜானகி வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடினாள். நானும் இரண்டடி ஓடினேன். ஆனாலும் நடுவர் அல்லவா? 'கால் ஊன்றினார்' என்று அறிவித்து விசில் ஊதினேன்.

அன்று மாலையே செயற்குழு கூடி நடுநிலையோடு ஆராய்ந்தது. பிரேக்கின் மேல் குற்றமில்லை. முறைப்படி பூஜை செய்யப்பட்டது. காலை ஊன்றாதவரே வெற்றியாளர் என்பது விதி. பெயர் கொடுத்த இருவரில் ஒருவர் ஊன்றிவிட்டார். மற்றவர் போட்டி முழுவதும் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடக் காலைக் கீழே வைக்கவில்லை. ஆகவே ஜவஹர் சிறந்த வீரர் என ஏகமனதாகத் தீர்மானித்தோம். இன்று குவார்ட்டர்ஸில் சௌகரியமாக இருக்கிறார்.

சங்கத்தின் சார்பில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்த் தணிகாசலத்திடம் முடிவைச் சொன்னேன். கட்டிலுக்கு அடியில், குடிசையிலிருந்து அள்ளி வந்த பாத்திரங்களோடு ஜானகி உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கால் கயிற்றில் உயரத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் சாத்துக்குடியைப் பார்த்தான், காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சார், அன்னிலேர்ந்து இந்தக் காலு தரையில படவே இல்ல. இப்ப யாரு சார் ஜெயிச்சது?"

விதிப்படி நியாயமான கேள்வி. அடுத்த கூட்டத்தில் வைப்பதாக வாக்களித்துவிட்டு வந்தேன். அந்தக் கூட்டத்தில் மசால் வடை ஜவஹரின் உபயம்.