கண்ணமங்கலத்தில் இறக்கம் இல்லை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் என் மனைவி. அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.) தண்ணீரே வராது என்று ஊரே சொன்ன பாறையில் கிணறு வெட்டினேன், வந்தது. எஞ்சினியர் இல்லாமல் மாடி வீடு கட்டினேன், இன்னும் நிற்கிறது. இரும்புக் கடையில் உடைக்கக் கிடந்த ஜீப்பை வாங்கி, பிரித்து, கோத்து, ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு முதல் வண்டியாகக் கொண்டுவந்தேன். புளி மூட்டை, பலாப்பழம், பிரசவத்துக்குப் போகிற பெண்கள் எல்லாம் அதில்தான் இறங்கினார்கள்.

இவ்வளவும் சாதித்த நான், ஒரு புதன்கிழமை காலை, பெற்ற மகளின் கல்யாணத்தையே நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தேன்.

மகள் கலாவுக்குக் கண்ணமங்கலத்தில் வரன். எங்கள் சனம்தான், கீழே இறங்கி வியாபாரம் பார்க்கிறவர்கள். மாப்பிள்ளை அருளுக்குச் சம்மதம். அவன் அம்மா பச்சையம்மாளுக்குத்தான் இழுபறி.

"மலையில பொண்ணு எடுத்தா போவ வர வண்டி வேணாமா? பாதி வழியில நின்னுட்டா இன்னா பண்றது?"

விடுவேனா நான்? "இன்னாங்க அப்டி கேட்டுட்டீங்க? தட்டு மாத்த நீங்க பஸ்ஸுல வரவே கூடாது. என் ஜீப்பு உங்க வூட்டு வாசலுக்கே வரும். சாவிய திருப்புனா புலி மாரி உறுமும்!"

புலிக்குப் புதுத் தோல் வேண்டுமே. ஒரு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து நானே பச்சை பெயிண்ட் அடித்தேன். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும் இரண்டு கோட்டிங்.

அதற்குப் பிறகு வண்டிக்கு ஒரு குணம் வந்தது. சில நாள் சாவியைத் திருப்பினால் உடனே எடுக்கும். சில நாள் 'டிக்' என்று ஒரு சத்தம்கூட வராது. நான் கவலைப்படவில்லை. மலையில் எவனும் வண்டியைச் சமதரையில் நிறுத்த மாட்டான். மூக்கை இறக்கத்தைப் பார்க்க வைத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்போம். காலையில் கல்லை எடு, உருட்டு, இரண்டாவது கியரில் கிளச்சை விடு, ஓடும். சாவியெல்லாம் அலங்காரத்துக்குத்தான்.

"செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுப்பா. இன்னான்னு பாத்துட்டு கீழ எறங்கு" என்றாள் கலா. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவள்.

"நீ வண்டிய புக்குல பாத்தவ. நான் வண்டியிலயே பாத்தவன்" என்றேன். (இந்த வசனத்தை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார்கள்.)

கண்ணமங்கலத்தில் அவர்கள் தெரு உள்ளங்கை மாதிரி தட்டை. பழக்கதோஷத்தில் அங்கேயும் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக ஆறு பேர் ஏறினார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். மலையேற ஒன்றரை மணி நேரம். அப்போது மணி ஒன்பதரை.

சாவியைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தரம். ம்ஹூம்.

"புலி தூங்குது போல கீதே" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

பேட்டரி முனையை ஆட்டினேன். செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினேன். எலுமிச்சம்பழம் நசுக்கினேன். கடைசியில் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னேன். மூச்சு வாங்கத் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. "சாப்ட்டீங்களா இல்லையா? நல்லா பலமா தள்ளுங்க!" என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி அதட்டினேன்.

சித்தப்பா முன்னால் வந்து பார்த்தார். "இன்னா சம்பந்தி, கல்ல எடுக்காம தள்ள சொல்றீங்க?"

பச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திண்ணமாகச் சொன்னாள்: "போதும். இனிமே யாரும் தள்ள வேணாம். தள்ளி ஓட்டுற வண்டியில நான் மலை ஏற மாட்டேன். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கலாவின் போன்.

"கெளம்பிட்டீங்களாப்பா?"

"இதோ... இங்க ஒரே டிராபிக்."

"செல்ஃப் எடுக்கல, அதான?"

பக்கத்தில் நின்ற அருள், "இப்டி குடுங்க மாமா" என்று போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். பெண் பார்த்த அன்றுகூட இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஹெட்லைட்ட போட்டுட்டு சாவிய திருப்புங்க. லைட்டு இன்னா ஆவுது?"

"அணைஞ்சிடுதுங்க."

"சாவிய வுட்டா?"

"திரும்ப எரியுதுங்க."

"பேட்டரி புதுசு, அது மேல தப்பு இருக்காது. கரண்ட்டு போற வழியிலதான் எங்கியோ அடைப்பு. பேட்டரியில இருந்து அடிச்சட்டத்துக்கு ஒரு எர்த் ஒயர் வரும். அது முட்டுற எடத்த பாருங்க."

வெள்ளைச் சட்டையோடு அருள் வண்டிக்கு அடியில் புகுந்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது: "பச்சையா கீதுங்க!"

"இன்னா பச்சை?"

"பெயிண்ட்டுங்க. ஒயருக்கு அடியில ரெண்டு கோட்டிங் அடிச்சி கீது."

போனிலிருந்து "அப்பா...!" என்று ஒரே ஒரு வார்த்தை.

அழகாக இருக்கட்டும் என்று அந்த ஒயரைக் கழற்றி, அடியில் பெயிண்ட் அடித்து, மறுபடி முடுக்கியவன் நானேதான். இரும்பும் ஒயரும் நேராகத் தொட்டால்தான் கரண்ட் தாராளமாகப் போகுமாம். நடுவில் என் கைவண்ணம். ஏதோ ஓரத்தில் தொட்ட நாள் எடுத்திருக்கிறது, தொடாத நாள் செத்திருக்கிறது.

பச்சையம்மாள் உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியோடு வந்தாள். (எனக்குத்தான் என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தேன்.) அதை மகனிடம் நீட்டினாள். அவன் பெயிண்ட்டைச் சுரண்டி ஒயரை முடுக்கினான். சாவியைத் திருப்பினேன். புலி உறுமியது.

"மலையில வண்டி நின்னுடுமோன்னுதான் பயந்தேன்" என்றாள் பச்சையம்மாள். "நின்னா ஓட வைக்கத்தான் அந்தப் பொண்ணு கீதே. ஏறுங்க எல்லாரும்."

பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது தட்டு மாறியது.

இன்று வரை எங்கள் வீட்டில் யார் கதவுக்கோ கட்டிலுக்கோ பிரஷ்ஷை எடுத்தாலும், "எர்த்துக்கு எடம் வுட்டு அடிங்க" என்று சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வரும். வருகிற விருந்தாளிக்கெல்லாம் கதை நடக்கும். கோளாறைக் கண்டுபிடித்தது கலா, சுரண்டியது மாப்பிள்ளை, கத்தி கொடுத்தது சம்பந்தியம்மா. எல்லார் பேரும் வரும். என் பேர் வரும்போது மட்டும் சிரிப்பு.

நான் கேட்கிறேன்: நான் பெயிண்ட் அடிக்காவிட்டால் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியிருக்கும். இந்த இரண்டு பேரும் பேசியிருப்பார்களா? பச்சையம்மாளின் சந்தேகம் தீர்ந்திருக்குமா? கோயில் டியூப்லைட்டில்கூடக் கொடுத்தவன் பேரை எழுதுகிறார்கள். கூடத்தில் மாட்டியிருக்கிற கல்யாண போட்டோவுக்குக் கீழே 'உபயம்: சின்னப்பையன்' என்று என் பேரை எழுதியாக வேண்டும். கொட்டை எழுத்தில்.