சகலையின் காக்கிப் பையும் என் கைப்போனும்

கிருஷ்ணநகர்,
பௌஷ மாதக் கடைசி, நல்ல குளிர்.

மதிப்பிற்கும் கொஞ்சம் பயத்திற்கும் உரிய மூத்த சகலை பபதோஷ்தா அவர்களின் பாதங்களில், இளைய சகலை ஹிரண்மய் விழுந்து வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மைத்துனி ஷெஃபாலியும் சுகம், என் மூக்கு நீங்கலாக. அங்கே தாங்களும் அனிமா அக்காவும், தங்களின் இடது முழங்காலும் சுகமாக இருக்கக் காளி மாதாவை வேண்டுகிறேன். விஜயதசமியிலிருந்து நான் போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபால்காரரை வாசலில் நிற்கவைக்கத் தங்களுக்கு மனசு வராது என்பது எனக்குத் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லக்னோ பயணம் மிகச் சிறப்பாக முடிந்தது. நீங்கள் வராதது எங்களுக்குத் தெரியவே இல்லை. ஷெஃபாலி அவள் அக்காவிடம் வேறு விதமாக ஏதாவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். அக்காவும் தங்கையும் பேசினால் எறும்பு யானையாகிவிடும் என்பது நம் இருவருக்கும் தெரிந்ததுதான்.

விஜயதசமி வணக்கம் சொல்ல வந்த அன்று நடந்தது வெறும் விளையாட்டு. பரணிலிருந்து அந்தக் காக்கிப் பையை இறக்கி, லக்னோவுக்கென்று நீங்கள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் மகன் வாங்கித் தந்த புதுப் போனை எடுத்துக் காட்டி, டார்ச்சா, இதிலேயே இருக்கிறது என்று டார்ச்சை வெளியே எடுத்து வைத்தேன். அலாரம் கடிகாரம், ரயில்வே கால அட்டவணை, ஊர்ப்படம், கேமரா, டிரான்சிஸ்டர் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொண்டே போனேன். அனிமா அக்கா சிரித்தாள், ஷெஃபாலி சிரித்தாள், அந்தச் சிரிப்பில் எனக்கும் தலைகால் புரியவில்லை. கடைசியில் பையில் நைலான் கயிறும் ஹோமியோபதி டப்பாவும்தான் மிச்சம். நீங்கள் கையிலிருந்த தேங்காய் உருண்டையைப் பாதியில் வைத்தீர்கள். "எல்லாம் அதுக்குள்ளயே இருக்குன்னா நான் எதுக்குப்பா? என் பெர்த்துல அதையே படுக்க வை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். நானும் வீம்புக்கு, "வெச்சுட்டாப் போச்சு" என்றேன். முப்பது வருஷமாக நாம் நால்வராகத்தான் போனோம், முதல் முறையாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் ரயில் ஏறினோம்.

போன் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. பாட்னா தாண்டியதும் குளிர் ஏறியது, நான் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டேன். அனிமா அக்கா நம் இருவருக்கும் ஒரே அரக்கு நிறத்தில் பின்னிக் கொடுத்தாளே, அதேதான். அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் வந்தார். டிக்கெட் போனுக்குள், போனோ என் முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும், முகமோ குல்லாய்க்குள். இரண்டு கண்ணையும் மூக்கு நுனியையும் மட்டும் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நான் சிரித்துப் பார்த்தேன், முறைத்துப் பார்த்தேன், யாரோ ஒரு திருடனைப் பார்ப்பதுபோல் அது என்னைப் பார்த்தது. "குல்லாயக் கழட்டுங்க பெரியவரே" என்றார் பரிசோதகர். "இந்தப் பனிக்காத்துல குல்லாயக் கழட்டச் சொல்றீங்களே, நீங்க புள்ளகுட்டிக்காரர்தானே?" என்று கேட்டேன். முகம் இல்லாவிட்டால் ரகசிய எண்ணைப் போடலாமாம். அது நான் பிறந்த வருஷம். பள்ளிக்கூடத்தில் அப்பா எழுதிக்கொடுத்த வருஷமா, அம்மா சொல்லும் உண்மையான வருஷமா என்பதுதான் நினைவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி அடித்ததில் போன் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அது மனமிரங்கியபோது சரியான வருஷத்தைப் போட்டுவிட்டு, இனி எதற்கும் இருக்கட்டும் என்று குல்லாயைக் கழற்றிப் பையில் வைத்தேன். கழற்றியதுதான் தாமதம், தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மலுக்கு என்ன மருந்து என்று போனையே கேட்டேன். அது அடுக்கிய வியாதிகளைப் படித்ததும், மகனிடம் கடைசியாக ஒரு தடவை பேசிவிடலாமா என்று தோன்றிவிட்டது. உங்கள் டப்பாவிலிருந்து நாலு வெள்ளை உருண்டை நாக்கில் விழுந்திருந்தால் காலையில் சரியாகியிருக்கும் என்று ஷெஃபாலி முணுமுணுத்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லக்னோவில் வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நீங்களானால் மூன்று பேரிடம் கேட்பீர்கள், இரண்டு பேர் கைகாட்டிய பக்கம் போவீர்கள், அந்த ஓட்டை ஹிந்தியில் மூன்றாவது ஆளோடு சண்டையும் போட்டு, கடைசியில் அவர் வீட்டிலேயே தேநீரும் குடித்துவிட்டு வருவீர்கள். போனில் அந்தத் தொல்லை கிடையாது. உள்ளே ஒரு பெண் இருந்துகொண்டு வலது, இடது என்று சொல்ல, நான் நடந்தேன். "முப்பது வருஷமா நான் சொன்ன பக்கம் ஒரு தடவ திரும்பியிருக்கீங்களா?" என்று கேட்டபடி ஷெஃபாலி பின்னால் வந்தாள். ஊரிலேயே பெயர்போன கபாப் கடை என்று எங்களை அழைத்துப்போன அந்தப் பெண், ஒரு வீட்டின் பின்கட்டில், காய்ந்துகொண்டிருந்த ரஜாய்ப் போர்வைகளுக்கு நடுவே நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றாள். அந்த வீட்டம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கபாப் கடையா? முன்பக்கத் தெருவுல இருந்துச்சு, எடுத்துட்டாங்க. தினம் நாலு பேராவது இப்படி வந்து நிக்கிறாங்க. உக்காருங்க, சாதம் வைக்கிறேன்" என்றார். சாதம் அருமையாக இருந்தது. எங்களோடு யாரும் எந்தச் சண்டையும் போடவில்லை. சொல்லப்போனால் அந்த மூன்று நாளும் எங்களிடம் யாருமே அதிகம் பேசவில்லை.

கடைசி நாள் நவாப் காலத்துக் கட்டடமான பழைய இமாம்பாடாவுக்குப் போனோம். மேல்மாடத்தில் அந்தச் சுற்றுவழிகள் இருக்கின்றனவே, உள்ளே போனால் திரும்பத் தெரியாதே, அங்கேதான். முன்பு ஒரு தடவை நாம் நால்வரும் போனபோது, நைலான் கயிற்றின் ஒரு முனையை நீங்கள் வாசல் பக்கம் கட்டிவிட்டு உள்ளே நடந்ததும், வழிகாட்டிகள் எல்லாரும் கைகொட்டிச் சிரித்ததும் நினைவிருக்கிறதா? திரும்பி வந்து பார்த்தால், முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் நம் கயிற்றைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்திருந்தன. இந்தத் தடவையும் வழிகாட்டிகள் சூழ்ந்துகொண்டார்கள். போனைத் தூக்கிக் காட்டி எல்லாரையும் விரட்டினேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சில்லென்ற தரையில் காலுறையோடு உள்ளே போனோம். நாலு திருப்பம் தாண்டியதும் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள், சிக்னல் இல்லை. சரி, டார்ச்சாவது எரிகிறதே என்று நடந்தோம். இன்னும் கொஞ்ச தூரத்தில் சார்ஜும் தீர்ந்து, டார்ச், கடிகாரம், ஊர்ப்படம் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துபோயின. உங்கள் பையில் டார்ச் அணைந்தால் கடிகாரம் நிற்காது. ஷெஃபாலி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது இருட்டில் நம் வங்காளப் பேச்சு கேட்டது. பர்த்வானிலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டம். ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்: "நான் எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது!" ஒவ்வொரு தலையிலும் கைவைத்து எண்ணிக்கொண்டு வந்தார். என் தலையில் கைபட்டது. "ஒம்போது" என்றார். ஷெஃபாலி பத்தானாள். கடைசியில், "ரெண்டு தல அதிகமா இருக்கே!" என்று திகைத்து நின்றவர், "சரி, அதிகமா இருந்தா பரவாயில்ல, கொறையாம இருந்தாச் சரி. நடங்க" என்றார். நான் அவர்களில் ஒருவன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஷெஃபாலியோடு அவர்கள் பின்னாலேயே நடந்தேன். நீங்கள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இப்படித்தான் எண்ணுவீர்கள், உங்களை விட்டுவிட்டு எண்ணி, "மூணுதான் இருக்கு, ஒரு ஆளக் காணோம்!" என்று பதறுவீர்கள். மொகல்சராயில் ஒரு தடவை ரயில் கார்டு வரைக்கும் ஓடி வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். அந்த இருட்டில் அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. இந்தப் போன் என் காலடிகளையெல்லாம் எண்ணி வைத்திருந்தது. வெளியே வந்ததும், "அத்தான் இல்லாம இனிமே நான் வரல" என்றாள் ஷெஃபாலி. நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். ஜலதோஷம்தான், வேறொன்றும் இல்லை.

ஆகவே, பயணத்துக்குப் போன் ஒன்றே போதும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அடுத்த பயணமும் நாங்கள் இருவர் மட்டுமே என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி, முழங்காலுக்குக் கடுகெண்ணெய்.

தங்கள் பாதம் பணியும்,
ஹிரண்மய்

பி.கு.: வரும் பங்குனியில் ஜெய்ப்பூர் போக டிக்கெட் எடுத்திருக்கிறேன். எத்தனை பேர் என்று போன் கேட்டது, நாலில் விரல் பட்டுவிட்டது. அதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை, யாரையும் கேட்கப்போவதும் இல்லை. கீழ் பெர்த் உங்களுக்கு. நான் வெளியே எடுத்து வைத்ததையெல்லாம் திரும்பப் பைக்குள் வையுங்கள், கயிற்றை மறக்க வேண்டாம். ஸ்டேஷனில் எண்ணும்போது மூன்றுதான் வரும். கார்டிடம் ஓடாதீர்கள். நாலாவது ஆள் நீங்கள்தான்.