தராசோடு போன மனுஷன்

இந்தத் தடவையும் தானே போய், தானே பார்த்து, தானே வாங்குவது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கம்ப்யூட்டருக்கு ஒரு பவர் சப்ளை. உள்ளே கரண்ட் கொடுக்கும் செங்கல் அளவுப் பெட்டி. அதற்குப் போருக்குக் கிளம்புகிறவர் மாதிரி சட்டை மாட்டினார்.

லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எடை பார்த்துத்தான் நம்புவார். பூட்டு, தலையணை, டாக்டர், எல்லாம் அப்படித்தான். ஒல்லியான டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார்.

பழைய பவர் சப்ளையும் அப்படி வாங்கியதுதான். கடையிலேயே கனமானது. நேற்று புகை விட்டுச் செத்தது. மனைவி ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே சாமான் கால்வாசி. மிச்ச இடத்தில் ஒரு இரும்புத் துண்டு, எடைக்காக.

“பாத்தீங்களா? உங்கள மாதிரி ஆளுக்குன்னே செஞ்சிருக்கான்.”

“இரும்புன்னா உறுதிடி.”

“உறுதிதான். எரியாம மிஞ்சினது அது ஒண்ணுதான்.”

அவளுக்கு இது விளையாட்டில்லை. பதிப்பகத்துக்குப் புத்தகப் பக்கங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறாள். பாதிப் புத்தகம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. நாளைக்குள் அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவளே வாங்கியிருக்கலாம். வாங்கினால் மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஃபேன் நின்றாலும் பால் பொங்கினாலும் “நீ வாங்கினதுதானே” என்பார். அதற்கு அந்தப் புகையே தேவலை.

“எடையப் பாக்காதீங்க. எத்தனை வருஷம் வாரண்டின்னு பாருங்க. சோதிச்சுப் பாத்த முத்திரை இருக்கான்னு பாருங்க.”

“எனக்கே பாடமா? மலை மாதிரி லாரியெல்லாம் நிறுத்தவன்டி நான்.”

“லாரிய இதுல மாட்டப் போறதில்லீங்க.”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது.

“இஞ்சி எங்க?”

“தட்டுற குழவியக் காணோங்க. தையல்காரர்கிட்டப் போய்ட்டு வந்ததுலேர்ந்து தேடறேன்.”

“ஒரு இரும்புக் குழவியப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல. எனக்கு யோசனை சொல்ல வந்துட்டா!”

அவள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதுவே அவருக்கு வெற்றியாகப் பட்டது. ஸ்பிரிங் தராசைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் கலர் கலராக விளக்கு, மேலே பெரிய பெரிய எழுத்து. மற்றது வெறும் கறுப்பு. இவர் தராசை எடுத்தார்.

“சார், இது மீன் கடை இல்ல.”

“பேசாம கொக்கியில மாட்டுப்பா.”

விளக்குப் பெட்டிக்கு முள் கொஞ்சம் இறங்கியது. கறுப்புப் பெட்டிக்கு அடிவரை போய் நின்றது. இவர் மூக்கு விடைத்தது.

“பெட்டியப் பிரிச்சு நிறுக்கலாமா?”

“வாங்கினப்புறம்தான் சார் பிரிக்கலாம்.”

“வேண்டாம். முள்ளு சொல்லிடுச்சு. இதக் குடு.”

கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் இருமினார்.

வீட்டுக்குள் நுழையும்போதே குரல் கொடுத்தார். “வந்து தூக்கிப் பாரு!”

இரண்டு கையாலும் தூக்கினாள். “அம்மாடி! என்னமா கனக்குது! வாரண்டி?”

“ஏழு வருஷம்.”

“முத்திரை?”

“குத்தியிருக்கு.”

“நான் சொன்னதெல்லாம் இருக்கே!”

“எடை இருந்தா மத்ததெல்லாம் தானா வரும். கத்துக்க.”

“கத்துக்கறேங்க.”

அவளே மாட்டினாள். ஒயர்களைச் செருகினாள். ஸ்விட்சைத் தட்டினாள். சத்தமில்லாமல் திரை விழித்தது. பாதிப் புத்தகமும் பத்திரமாக இருந்தது. மூச்சை விட்டாள்.

அவர் காலிப் பெட்டியைப் பரண் மேல் வைக்க எடுத்தார். காலிப் பெட்டி கையை இழுத்தது. குலுக்கினார். அடியில் ஏதோ உருண்டது. அட்டையை நீக்கிக் கையை விட்டார். செய்தித்தாள் சுற்றிய உருண்டை. பிரித்தார்.

இரும்புக் குழவி.

குழவியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தையல்காரர் கடை கம்ப்யூட்டர் கடைக்குப் பக்கத்துக் கடை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“அட, இங்கயா கெடந்துச்சு!” என்று அவள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

“ஏங்க, டீக்கு இஞ்சி தூக்கலாப் போடட்டுமா?”

தராசை ஆணியில் மாட்டிவிட்டு, “போடு” என்றார்.