பார்த்தாலே போய்வந்த மாதிரி

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் கனமான கேள்வி ஒன்று எழுந்தது. காத்திருப்போர் அறைக்கு வாங்கும் சொகுசுப் பயணப் பத்திரிகையின் சந்தாவைப் புதுப்பிக்கலாமா, வேண்டாமா? குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்ற கேள்வியும் அந்தக் கட்டடத்தில் உண்டுதான். ஆனால் அது பொதுமக்கள் எழுப்புவது. ஆகவே கேள்வியாகக் கருதப்படுவதில்லை.

பத்திரிகையைப் படித்துக் கருத்துரை வழங்கும் பொறுப்பு விண்ணப்பப் பிரிவு எழுத்தர் தலையில் விழுந்தது. எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்பார். அதனால் அவர் பெயரே ஆகட்டும் சார் ஆகிவிட்டிருந்தது. அவருக்கோ வேறு கவலை. அவர் மனைவி கடலைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில், "அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறேன்" என்று வாயை விட்டவர், மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அந்த அடுத்த மாதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இந்த முறை ரயில் டிக்கெட்டே எடுத்தாகிவிட்டது. விடுப்பு மனு மட்டும் மேலாளர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாத் தூக்கி வெச்சு எழுதுங்க," என்றார் கணக்குப் பிரிவு அக்கா. "அந்தப் பத்திரிகை மேல மேலாளருக்கு உசிரு. காத்திருக்கிற ஜனம் அதைக் கண்ணால பாத்திருக்கா? நேரா அவர் வீட்டுக்குத்தான் போகுது. மனசு குளிர்ந்தா உங்க மனுவுல கையெழுத்து விழும்."

ஆகட்டும் சார் புரட்டினார். வழவழப்பான தாளில் ஒரு குளியல் தொட்டி. அதில் ஒரு பெண் கண்மூடிக் கிடந்தாள். அடுத்த பக்கத்தில், கட்டிலைத் தவிர எதுவுமே இல்லாத ஓர் அறை. 'வெறுமையை அனுபவியுங்கள்' என்று போட்டிருந்தது. ஒரு ராத்திரி வாடகை அவருடைய மாதச் சம்பளத்தைத் தாண்டியது. இதே வெறுமை நம் வீட்டில் சும்மா கிடைக்கிறதே என்று நினைத்தார். நினைத்ததை எழுதும் பழக்கம் அலுவலகத்தில் இல்லை. 'இப்பத்திரிகையைப் பார்த்தாலே நேரில் போய்வந்த நிறைவு உண்டாகிறது' என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மேலாளர் மலர்ந்த முகத்தோடு கூப்பிட்டார்.

"பிரமாதம்யா! சந்தாவைப் புதுப்பிச்சாச்சு."

"சந்தோஷம் சார். அப்புறம், என்னோட லீவு..."

"அதான் முடிஞ்சுபோச்சே."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா சார்?"

"எதுக்கு? நீங்கதான் போயிட்டு வந்துட்டீங்களே! பத்திரிகையில கடல் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"நிறைவு உண்டாச்சா?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"அலுவலகக் குறிப்புல பொய் எழுதினா என்ன ஆகும், தெரியுமில்ல?"

"நிறைவு உண்டாச்சு சார்."

அவர் விடுப்புக் கணக்கில் நான்கு நாள் கழிந்தது. சாயங்காலமே சுற்றறிக்கை வந்தது. 'படத்தில் காண்பதும் நேரில் இருப்பதும் ஒன்றே எனக் கருதப்படும்.' கீழே மேலாளரின் வளைந்து நெளிந்த கையெழுத்து.

"ஒரு பக்கம் புரட்டிப் பாத்ததுக்கு, உங்க புண்ணியத்துல என் லீவும் பனிமலைக்குப் போயிட்டு வந்துடுச்சு," என்று பல்லைக் கடித்தார் அக்கா. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம!"

வீட்டில் பெட்டி கட்டித் தயாராக இருந்த மனைவி சுற்றறிக்கையை நிதானமாகப் படித்தாள்.

"படத்துல இருந்தா நேர்ல இருந்த மாதிரியா? உங்க மேலாளரேவா எழுதியிருக்காரு?"

"ஆமா."

"அட, நல்ல மனுஷனா இருக்காரே!"

காலையில் அவளே அலுவலகத்துக்குப் போனாள். கணவருடைய சட்டம் போட்ட பெரிய படத்தை அவர் நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

"வேலைக்கு வந்துட்டாரு சார். வருகையைப் போட்டுக்கோங்க."

மேலாளர் சுற்றறிக்கையை மேலும் கீழுமாகப் பார்த்தார். அதை வாபஸ் வாங்கினால் தவறு நடந்ததாக ஆகிவிடும். அந்த அலுவலகத்தில் தவறு நடப்பதில்லை. வருகை பதிவாயிற்று.

கடல் முன்னால் போய் நின்றதும் அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "இவ்வளவு சத்தமா இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலையே," என்றாள். அலை வந்து புடவையை முழங்கால் வரை நனைத்தது. ஆகட்டும் சார் மேலாளரை மனசார வாழ்த்தினார்.

திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலியில் படமே இருந்தது. எதிரே நீண்ட வரிசை.

"வந்துட்டேன் சார். படத்தை எடுத்துக்கலாமா?"

"தொடாதீங்க," என்று பதறினார் மேலாளர். "இத்தனை நாள்ல ஒரு புகார்கூட வரலை. எரிஞ்சு விழலை, டீ குடிக்க எழுந்து போகலை. மேலிடத்துல ரொம்பத் திருப்தி." குரல் கம்மியது. "என்னையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"அப்போ இணைப்பெல்லாம் யார் சார் குடுக்கிறது?"

"போன மாசம் நீங்க எத்தனை குடுத்தீங்க?"

ஆகட்டும் சார் யோசித்தார். "ஒண்ணும் குடுக்கலை சார்."

"படமும் அதேதான் குடுத்திருக்கு. வேலையில ஒரு குறையும் இல்லை."

அவர் தயங்கித் தயங்கித் தன் மேஜை வரை போய் நின்றார். வரிசையின் முதலில் விண்ணப்பத்தோடு நின்ற பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. சாரை மறைக்கிறே."