தாங்கள் தெர்மகோல் பிடித்த ஞாயிற்றுக்கிழமை

செம்பூர், மும்பை
திங்கட்கிழமை

மகாகனம் பொருந்திய ஸ்ரீ அனந்தநாராயணன் அவர்களுக்கு,

செம்பூர் பஞ்சாபகேசன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் இரண்டு முழங்கைகள் நீங்கலாக அனைவரும் சௌக்கியம். தாங்களும் மாமியும் சிரஞ்சீவி கௌசிக்கும் நேற்று வாஷிப் பாலம் தாண்டி சான்பாடா போய் நல்லபடியாகச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தை 'சம்பந்தி அவர்களுக்கு' என்று ஆரம்பிக்கத்தான் பேனா போயிற்று. என் சகதர்மிணி அபயாம்பாள் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "நேத்திக்குப் பண்ணின காரியத்துக்கு அந்த வார்த்தை ஒண்ணுதான் பாக்கி" என்று சொன்னதால் 'மகாகனம்' போட்டிருக்கிறேன். போனில் பேசலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் அபயம் பிடுங்கிக்கொள்வாள். கடிதம்தான் என் கையில் தங்கும்.

முதலில் காமிரா விஷயம். எனக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. நான் ரிடையரானதும், அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்க ஒரே ஹாலில் இருந்தால் வீடு தாங்காது என்று எங்கள் சாருலதா தன் சம்பளத்தில் ஒரு காமிராவும், பூச்சி புழுவைக் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸ் ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள். எங்களுடையது தரைத்தளம் என்பதால் பின்பக்கம் கொஞ்சம் மண் இருக்கிறது. அதில் ஓட்டை அடைத்த பழைய அண்டாவில் தண்ணீர் விட்டு அல்லி போட்டேன். அல்லிக்குத் தட்டான் வந்தது. செக்கச் செவேலென்று ஒரு தட்டான். உட்காருவதற்கு நானே ஒரு ஈர்க்குச்சி நட்டு வைத்தேன். தட்டானுக்கு ஒரு குணம், எத்தனை தரம் எழுந்து போனாலும் அதே குச்சிக்கே திரும்பி வந்து உட்காரும். ஒரே ஆபீசில் ஒரே நாற்காலியில் சர்வீஸ் முழுக்க உட்கார்ந்தவன் நான். அதன் மேல் எனக்குப் பிரியம் உண்டானதில் ஆச்சரியமில்லை. ஆனால் படம் எடுப்பது லேசில்லை. கண் தெளிவாக விழுந்தால் வால் மங்கிவிடும், வால் தெளிந்தால் கண் மங்கிவிடும், இரண்டும் சேர்ந்து தெளிகிற நேரத்தில் தட்டான் போயிருக்கும். மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சு வாங்குவதற்குள் அமுக்க வேண்டும்.

இனி நேற்றைய விஷயம். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம் என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே ஆறுக்கு மேல் பெண் பார்க்க வருவதாகத் தங்கள் அகத்து மாமியும் அபயமும் போனில் பேசி முடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சான்பாடாவிலிருந்து செம்பூர் வரை ரோடு துடைத்துவிட்டாற்போல் காலியாக இருக்கும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டீர்கள். ராகுகாலத்தில் வாசல்படி மிதிக்கக்கூடாது என்று மாமியும் பையனும் கேட்டுக்கு வெளியே காரிலேயே இருக்க, தாங்கள் மட்டும் கால் நீட்டிக்கொள்ளலாம் என்று கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்திருக்கிறீர்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆறு வரை நேரம் இருக்கிறதே, சாய்ந்த வெயில் இப்படி வாய்க்காதே என்று நான் கிழிந்த பனியனும் அரை டிராயருமாக அண்டா ஓரத்துச் சேற்றில் குப்புறப் படுத்திருந்தேன்.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். முதல் மாடிக்காரருடைய பாத்ரூம் எங்கள் தலைமேல் ஒழுகுகிறது. ஞாயிறு சாயங்காலம் புதிதாக ஒரு பிளம்பரை அனுப்புவதாக சொசைட்டி செக்ரட்டரி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நேரம் பார்த்து, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, கையில் கனமான கித்தான் பையோடு ஒரு மனிதர் வந்து, இடுப்பில் கை வைத்து, பின்சுவர்க் குழாய்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தால் நான் என்ன நினைப்பேன்? பெண் கொடுக்கப்போகிற வீட்டின் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார், பையில் பழமும் பூவும் இருக்கின்றன என்றா நினைப்பேன்?

"ஏ பாயீ, இதர் ஆவ்!" என்று கூப்பிட்டேன். தாங்களும் வந்தீர்கள். டிவி பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த வெள்ளை தெர்மகோல் பலகையைத் தங்கள் கையில் கொடுத்து, வெயிலைத் தட்டான் வயிற்றுப் பக்கம் திருப்பச் சொல்லி, ஆடக்கூடாது என்பதற்கு "ஹில்னா மத்!" என்று அதட்டினேன். அதட்டியதற்கு இந்த இடத்தில் தனியாக ஒரு மன்னிப்பு. ஸ்வாமி, நாம் இரண்டு பேரும் பாலக்காட்டு வழி. என் ஹிந்தியைக் கேட்டதுமே தாங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும், தங்கள் ஹிந்தியைக் கேட்டதுமே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆயுசில் பாதிக்கு மேல் பம்பாயில் கழித்தும், எதிராளி உத்தரப்பிரதேசம் என்று இரண்டு பேரும் மனப்பூர்வமாக நம்பினோம். தாங்கள் என்னைத் தோட்டக்காரன் என்று நினைத்துவிட்டீர்கள். அதில் தங்கள் மேல் குற்றமே இல்லை. கண்ணாடி பார்த்தபோது எனக்கே அப்படித்தான் தோன்றியது.

பெண் வீட்டைப் பற்றித் தோட்டக்காரனிடம் நைஸாக விசாரித்துக்கொள்ளலாம் என்று, "இஸ் கர் கா லோக் கைசா ஹை?", இந்த வீட்டு ஜனங்கள் எப்படி, என்று கேட்டீர்கள். எந்த வீட்டைக் காட்டிக் கேட்டீர்களோ, நான் பார்க்கவில்லை. என் கண் காமிராவில் இருந்தது. ஏனென்றால் அதே நிமிஷம் தட்டான் குச்சியை விட்டு எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பலகையைப் பிடித்திருந்த தங்கள் வலதுகைக் கட்டைவிரலின் மேல் உட்கார்ந்தது. நான் அமுக்கிக்கொண்டே பதில் சொன்னேன். பிளம்பர் போகப்போவது மாடி வீட்டுக்கு, விசாரிப்பதும் அந்த வீட்டைத்தான் என்று நினைத்து, இத்தனை நாள் ஒழுகலை எல்லாம் ஹிந்தியில் கொட்டினேன். அந்த வீட்டில் தலைமுறைக்கே உண்மை பேசத் தெரியாது, புருஷன் கஞ்சன், வேலை செய்தால் ஒரு டீ கூடத் தரமாட்டான், பெண்டாட்டி வாயைத் திறந்தால் குர்லா வரை கேட்கும், பெண் இருக்கிறதே அது விடியற்காலையில் நாட்டியம் என்று தலைமேல் குதிக்கிறது, அதைக் கட்டிக்கொள்கிறவன் முன்ஜென்மத்தில் என்ன பாவம் செய்தானோ என்றேன். தாங்கள் கல்லாகச் சமைந்து நின்றீர்கள். கண்கூடக் கொட்டவில்லை. தட்டான் பறந்ததும் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டீர்கள். நல்ல பிளம்பர், சொன்னால் கேட்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். அது எத்தனை பெரிய கோபம் என்று இப்போது புரிகிறது.

மேற்கொண்டு நடந்ததைத் தாங்களே பார்த்தீர்கள். நான் குளித்து, வேஷ்டி கட்டி, விபூதி இட்டு ஹாலுக்கு வந்தால் சோபாவில் பிளம்பர் உட்கார்ந்திருக்கிறார். தங்களுக்கும் எதிரே தோட்டக்காரன் வேஷ்டி கட்டி நின்றிருப்பான். அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து செண்ட் வாசனையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "கௌன்ஸா பாத்ரூம்?", எந்த பாத்ரூம், என்று கேட்டாரே, அவர்தான் அசல் பிளம்பர், அப்ரார். கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்தவரைத் தங்கள் கார் டிரைவர் என்று நினைத்து அபயம் உட்கார்த்தி வைத்து முதல் ஈடு பஜ்ஜியைப் போட்டிருக்கிறாள். அவரும் இந்த வீட்டு வழக்கம் இதுதான் போலிருக்கிறது என்று சாப்பிட்டிருக்கிறார். தாங்கள் ஒரே ஒரு பஜ்ஜி எடுத்து, அதையும் இடது கையால் பிட்டு, பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துவிட்டீர்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியாதா?

கார் போனபிறகு அபயம் என்னைப் பேசியதை எழுதினால் தபால் கனம் கூடும். அது போகட்டும். சாரு அண்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பரவால்லப்பா, விடு" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. நான் பாத்ரூமில் சேறு கழுவிக்கொண்டிருந்தபோது பால்கனியில் கௌசிக் ஏதோ சொல்ல, இவள் வாய்விட்டுச் சிரித்தது எனக்குக் கேட்டது. ஸ்வாமி, இதற்கு முன்னால் வந்த வரன்களிடம் அவள் ஒருதரம்கூட அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பை ஒரு பூச்சிக்காக நான் கெடுத்துவிட்டேனே என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஆகவே தாங்கள் தயவு செய்து மனதில் கொள்ளவேண்டியது, நான் சொன்ன அத்தனையும் முதல் மாடியைப் பற்றியது. எங்கள் வீட்டில் யாரும் நாட்டியம் ஆடுவதில்லை. அபயத்தின் குரல் குர்லா வரை போகாது, மிஞ்சினால் அதற்கு முந்தின ஸ்டேஷன் திலக் நகர். நான் கஞ்சன் இல்லை என்பதற்கு அப்ரார் சாட்சி. காமிராவை இன்று காலையில் பரணில் ஏற்றிவிட்டேன். இந்த ஜென்மத்தில் இனித் தொடமாட்டேன், இது சத்தியம். கடைசியாக எடுத்த படத்தை மட்டும் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில் பிரதி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணும் வாலும் கட்டைவிரல் ரேகையும் ஒருசேரத் தெளிவாக விழுந்த படம் இது ஒன்றுதான்.

மாமிக்கு எங்கள் நமஸ்காரம். கௌசிக்குக்கு, மாப்பிள்ளையாக ஆனாலும் ஆகாவிட்டாலும், தீர்க்காயுசும் காலியான ரோடும் கிடைக்க என் ஆசீர்வாதம்.

தங்கள் தயவை எதிர்நோக்கும்,
பஞ்சாபகேசன்

பி.கு. (இதைக் கவரின் முதுகில் எழுதுகிறேன். பசை காய்ந்துவிட்டது, பிரித்தால் படம் கிழியும்.) இப்போதுதான் தங்கள் போன் வந்தது. "ஓய், அந்தப் போட்டோ நன்னா வந்துதா?" என்றல்லவா கேட்டீர்கள்! "நான் என்னவோ கேட்டேன், நீர் என்னவோ சொன்னீர், ஒண்ணும் காதில விழலை. விரல்மேல அது உக்காந்துண்டிருக்கறச்சே எவன் பேச்சைக் கேப்பான்? வலது கையைக் கழுவவே மனசு வரலை, அதான் பஜ்ஜியைக்கூட ஒழுங்கா தின்னலை. மாமி கார்லயே நாள் பாத்துட்டா" என்றீர்கள். ஆகவே கவரைப் பிரித்ததும் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதத்தைப் படிக்காமல் கிழித்துவிடவும். காமிரா பரணிலிருந்து இறங்கிவிட்டது. நிச்சயதார்த்தம் பேச அடுத்த ஞாயிறு ஆறுக்கு மேல் வருவதாகச் சொன்னீர்கள். தாங்கள் மட்டும் நாலரைக்கே வந்துவிடுங்கள் சம்பந்தி. ராகுகாலத்தில் வாசல் வழியாகத்தானே வரக்கூடாது.