ஏழாம் எண்ணின் காணாமல் போன சத்து

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் மூன்று. நெருப்பு, சக்கரம், எங்கள் கிழங்கு ஆய்வு நிலையத்தின் ஒன்பது கட்டப் படிவம். மூன்றாவதாகச் சொன்னது தன்னடக்கத்தால்தான். ஈரப்பதம், மாவுச்சத்து, புரதம், நார் என்று ஒன்பது கட்டங்கள். எந்தக் கிழங்கையும் அதற்குள் அடக்கிவிடலாம். அதில் அடங்காத எதுவும் கிழங்கில் இல்லை என்பது எங்கள் இயக்குநரின் கொள்கை. அதைத் தட்டச்சு செய்யும் பாக்கியம் எனக்கு.

மரவள்ளியில் ரகத்துக்கு ரகம் சத்து மாறுமா என்று கண்டறிய அந்த ஆண்டு பன்னிரண்டு ரகங்கள் வந்தன. பதினோரு நிபுணர்கள் பதினான்கு முறை கூடினார்கள். முதல் மூன்று கூட்டங்கள் நான்காவதன் தேதியை முடிவு செய்வதற்கு. மாறும் என்று கடைசியில் தெரிந்தது. முதலிடம் பெறும் ரகம் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் மதிய உணவாகப் போடப்படும். அங்கேதான் என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

புரதத்தில் ஏழாம் எண் மற்ற பதினொன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. இயக்குநர் கையைத் தட்டப் போகும் நேரத்தில் தோல் சீவும் அக்கா கத்தியோடு உள்ளே வந்தார். காலையில் எங்களுக்குக் கிழங்கு சீவுவார். பத்தரைக்கு மேல் அந்தப் பள்ளியில் சமைப்பார்.

"சார், ஏழாம் நம்பர் கசக்குது. விஷக் கிழங்கு. அப்படியே அவிச்சுப் போட்டா பிள்ளைங்க சுருண்டு விழுந்துடும்."

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அது எந்தக் கட்டத்துல வரும்?"

"எந்தக் கட்டம் சார்?"

"நாம அளக்கறது சத்து. விஷம் சத்து இல்லையே. அதை எங்க போடறது?"

வேதியியல் நிபுணர் மெதுவாகச் சொன்னார். "சார், நாம நைட்ரஜனை அளந்து, ஆறேகாலால பெருக்கித்தான் புரதம்னு போடறோம். அந்த விஷத்துலயும் நைட்ரஜன் இருக்கு. அதையும் சேத்துப் பெருக்கியிருக்கோம்."

"அப்ப ஏற்கெனவே கட்டத்துல வந்தாச்சே," என்றார் இயக்குநர் நிம்மதியாக. எவ்வளவு பெரிய சிக்கலை எவ்வளவு எளிதாக அவிழ்த்துவிட்டார்.

"பத்தாவதா ஒரு கட்டம் போடலாமா சார்?" என்று கேட்டேன்.

"தாள்ல இடம் இல்லையே."

"படுக்கை வாட்டத்துல அடிச்சா இருக்கும் சார்."

"தாளைப் படுக்க வைக்கத் தலைமையகம் அனுமதி கொடுக்கணும்."

என் வீரம் அத்தோடு தீர்ந்துபோனது. ஏழாம் எண்ணுக்கு முதலிடம் என்று கொட்டை எழுத்தில் அடித்துவிட்டு, பின்கட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, என் பொண்ணு அங்கதான்..."

"தெரியும் சார். தட்டுல மிச்சம் வைக்காது. நீங்க போய் டைப் அடிங்க, நான் பாத்துக்கறேன்."

மூன்று மாதம் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக ஓடினார்கள். பிறகு நிபுணர்கள் பள்ளிக்கூடத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து அளந்தார்கள். புரதம் பாதிதான் இருந்தது. நிலையமே ஆடிப்போயிற்று. 'நிலையத்தின் சத்தை முன் அனுமதியின்றி நீக்கியது' ஏன் என்று அக்காவிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை புறப்பட்டது. பதில் திருப்தி தராவிட்டால் வேலை போய்விடும். அந்தக் குறிப்பாணையை ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தவன் நான்.

விசாரணைக்கு அக்கா ஒரு வாளியோடு வந்தார்.

"துண்டு போட்டு மூணு நாள் ஊற வைக்கறேன் சார். தினம் தண்ணிய மாத்திக் கொட்டிட்டு, அப்புறம்தான் அவிக்கறேன்."

"அப்ப குறைஞ்ச சத்து எங்க போச்சு?" இயக்குநர் மேசையைத் தட்டினார்.

"எங்கயும் போகல சார். இந்தத் தடவை கொட்டாம கொண்டு வந்திருக்கேன்." வாளியை மேசைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளரையும் வைத்தார். "முதல் நாள் ஊறின தண்ணி. ஆளுக்கு ஒரு டம்ளர் குடிச்சுட்டு, சத்துதான்னு எழுதிக் கொடுங்க. நாளையிலேருந்து ஊற வைக்கல."

இயக்குநர் வேதியியல் நிபுணரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலைதான். நடந்ததை நடந்தபடியே பதிவு செய்தேன்: 'வெயில் கடுமையாக இருந்தது. இயக்குநரும் பதினோரு நிபுணர்களும் தட்டச்சரும் ஒரு மணி நேரம் வாளியைச் சுற்றி அமர்ந்திருந்தனர். ஒருவருக்கும் தாகம் எடுக்கவில்லை.'